தீவுக்குப் போகும் அரிசி மூட்டை

ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோமா?

திருவண்ணாமலையில் ஒரு கடையில் 25 கிலோ ஆரணி அரிசி மூட்டை ஒன்று இருக்கிறது. அது அந்தமான் தீவுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் லாரியில் சென்னைத் துறைமுகம் வரை ஏறத்தாழ 190 கி.மீ. பயணம். பிறகு கப்பலில் வங்காள விரிகுடாவைக் கடந்து போர்ட் பிளேர் வரை ஏறத்தாழ 1190 கி.மீ. பயணம். (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பழகிய பெயரையே இங்கு எழுதுகிறேன்.) கடல் வழி, தரை வழியைப் போல ஆறு மடங்குக்கும் மேல். அப்படியானால் கப்பலில் எரிபொருளும் ஆறு மடங்கு செலவாகுமா?

ஆகாது. பத்து டன் சுமந்து செல்லும் லாரி ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 4 கி.மீ. ஓடும் என்று கொண்டால், ஒரு டன் சரக்கை 40 கி.மீ. நகர்த்த ஒரு லிட்டர் வேண்டும். நம் மூட்டையின் பங்குக்கு 190 கி.மீ. தொலைவுக்கு 120 மில்லி லிட்டர் போதும். இனி 2000 டன் சரக்கு ஏற்றும் ஒரு சிறு கப்பல். அது மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் போகிறது, நாளொன்றுக்கு 6 டன் எண்ணெய் எரிக்கிறது என்போம். அப்படியானால் 1190 கி.மீ. கடக்க நம் மூட்டையின் பங்கு ஏறத்தாழ 200 மில்லி லிட்டர். அதாவது ஒரு டம்ளர்! ஒரு மூட்டை அரிசி ஒரு டம்ளர் எண்ணெயில் வங்காள விரிகுடாவைத் தாண்டிவிடுகிறது.

இவ்வளவு சிக்கனமாகப் போகிற மூட்டைக்குத் தீவில் ஏன் இவ்வளவு கூலி ஏறுகிறது? துறைமுகக் கட்டணம் உயர்ந்தால் தீவுக்காரர்கள் ஏன் மற்றவர்களைவிட அதிகம் கலங்குகிறார்கள்? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தேரும் தெப்பமும்

முதலில் கப்பலின் சிக்கனத்திற்குக் காரணம் என்ன என்று பார்த்துவிடலாம். எங்கள் ஊர்க் கார்த்திகைத் தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் தேரோட்டம். பெரிய தேரை இழுக்க ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க வேண்டும். தீபம் முடிந்தபின் அய்யங்குளத்தில் தெப்பம். தெப்பத்தை நகர்த்த ஒரு சிலரே போதும். தெப்பம் தேரைவிட எடை குறைந்ததுதான். ஆனால் ஆட்களின் எண்ணிக்கையில் உள்ள வேற்றுமை எடையில் உள்ள வேற்றுமையைவிட மிகப் பெரிது. சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அலுமினியத் தட்டு ஒன்றில் நாலைந்து கல்லை வைத்துத் தரையில் நூலால் இழுங்கள். அதே தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டு அதே நூலால் மெதுவாக இழுங்கள். விரல் சொல்லிவிடும்.

நல்ல சாலையில் ஓடும் லாரியை, அதன் எடையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு விசை கொடுத்து இழுத்தால் ஓடும். மெதுவாகச் செல்லும் மிகப் பெரிய கப்பலுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே போதுமானது. ஆனால் இங்கே 'மிகப் பெரிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். சில ஆயிரம் டன் கப்பலுக்கு அது இருநூறு, முந்நூறில் ஒரு பங்காகிவிடும். ஏன் இந்த ஓரவஞ்சனை?

நீரின் உராய்வு கப்பலின் நனைந்த பரப்பைப் பொறுத்தது. அது சுமக்கும் எடையோ கன அளவைப் பொறுத்தது. ஒரு கப்பலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் பரப்பு 4 மடங்கு; கன அளவு 8 மடங்கு. ஆகவே பெரிய கப்பலில் ஒவ்வொரு டன்னின் பங்குக்கும் உராய்வு பாதியாகக் குறைகிறது. உலக வணிகத்தில் கப்பல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போவதற்கு இந்த எளிய வடிவியலும் ஒரு காரணம். தீவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் முழுவதிலும் மக்கள் தொகை 4 லட்சத்துக்கும் குறைவு. அவர்களுக்கு வேண்டிய சரக்கை ஒரே பெரிய கப்பலில் கொண்டுபோய்க் கொட்டினால் அதை வைக்க இடமும் இராது. அந்தக் கப்பல் நிற்கத் துறையில் ஆழமும் இராது. தீவுக்குச் சிறு கப்பல்தான் கதி.

நிற்கும் கப்பலின் பட்டியல்

எங்கள் ஊர்த் தேர், நேரான வீதியில் விரைவாகப் போய்விடும். மூலைகளில் திருப்புவதற்கும், முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவதற்கும், மறுபடி கிளப்புவதற்கும்தான் நேரம் பிடிக்கும். கப்பலும் அப்படியே. அதன் செலவு கடலில் இல்லை; கரையில் இருக்கிறது.

துறைமுகத்தில் ஒரு கப்பல் நுழைந்தால் எதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டும் தெரியுமா? உள்ளே வருவதற்குத் துறைமுக வரி. கப்பலுக்குள் ஏறி வழி காட்டும் பைலட்டுக்குக் கட்டணம். தள்ளியும் இழுத்தும் கப்பலைத் தளத்தில் சேர்க்கும் இழுவைக் கப்பலுக்குக் கட்டணம். தளத்தில் கட்டி நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் வாடகை. இறக்குகிற ஒவ்வொரு டன்னுக்கும் சரக்குக் கட்டணம். ஏற்றி இறக்கக் கூலி, கிரேனுக்கு வாடகை. இவை ஒரு துறைமுகத்தில். மறு கரையிலும் இதே பட்டியல் ஒரு முறை.

இதில் உங்களைப் போன்ற மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. துறைமுக வரியும் தள வாடகையும் கப்பலின் 'மொத்த டன்' கணக்கில் விதிக்கப்படுகின்றன. அந்த டன் எடை அல்ல, கன அளவு! பழங்காலத்தில் ஐரோப்பாவில் ஒரு கப்பல் எத்தனை ஒயின் பீப்பாய் ஏற்றும் என்று எண்ணி வரி போட்டார்கள். அந்தப் பெரிய பீப்பாயின் பெயர்தான் 'டன்' ஆயிற்று. பின்னர் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர், ஒரு டன் என்று வைத்தார்கள். 1969-இல் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அது 1982-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கப்பலின் மூடிய இடங்களின் மொத்தக் கன அளவைக் கன மீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பத்தடிமான மடக்கையை 0.02-ஆல் பெருக்கி 0.2-ஐக் கூட்ட வேண்டும். வருகிற எண்ணால் கன அளவைப் பெருக்கினால் மொத்த டன் கிடைக்கும். 10,000 கன மீட்டர் கப்பலுக்கு மடக்கை 4. எனவே 0.2 + 0.08 = 0.28. மொத்த டன் 2800. 'மடக்கை எங்கே சார் பயன்படப் போகிறது?' என்று வகுப்பில் கேட்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கன அளவைக் கணக்கிட்டு வரி போட்டால் என்ன ஆகும்? கப்பல் நிறையச் சரக்குடன் வந்தாலும் காலியாக வந்தாலும் மொத்த டன் மாறாது. தீவிலிருந்து திரும்பும் கப்பலுக்கு அதுதான் சங்கடம். தேங்காய், பாக்கு போன்றவற்றைத் தவிர அங்கிருந்து அனுப்பச் சரக்கு குறைவு. முன்பு மரம் நிறைய வந்தது. 2002-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைக்குப் பிறகு, வணிகத்திற்காக மரம் வெட்டி வெளியே அனுப்புவது நின்றது. காடு பிழைத்தது, மிக நல்லது. கப்பலோ பாதிக்கும் மேல் காலியாகத் திரும்புகிறது. போகும்போது ஏற்றிய அரிசியும் சிமென்டுமே திரும்பி வரும் செலவையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

நூறு ரூபாயில் யாருக்கு எவ்வளவு?

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. இதில் வரும் எண்கள் கணக்கு எளிதாக வருவதற்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தக் குறிப்பிட்ட கப்பலின் கணக்கும் அல்ல.

நம் 2000 டன் கப்பல், சாக்குகளைக் கிரேனில் தொங்கவிட்டு நாளொன்றுக்கு 500 டன் ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. போகும்போது 2000 டன் ஏற்ற 4 நாள். இறக்க 4 நாள். திரும்பும்போது 500 டன் மட்டும். ஏற்ற ஒரு நாள், இறக்க ஒரு நாள். ஆகத் துறைமுகங்களில் 10 நாள். கடலில் போக வர 5 நாள். பாருங்கள், பதினைந்து நாளில் பத்து நாள் கப்பல் நகரவே இல்லை!

கப்பலின் முதலுக்கு வட்டி, மாலுமிகளின் சம்பளம், காப்பீடு, பழுது பார்த்தல் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 3 லட்சம் ரூபாய். ஓடினாலும் நின்றாலும் இது உண்டு. கடலில் செல்லும் நாளுக்கு எரிபொருள் மேலும் 3 லட்சம். ஒவ்வொரு துறைமுகத்திலும் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து 10 லட்சம். 15 நாளுக்கு 45 லட்சம். எரிபொருள் 15 லட்சம். துறைமுகங்களுக்கு 20 லட்சம். மொத்தம் 80 லட்சம் ரூபாய். இதைப் போகும் சரக்கான 2000 டன் மேல் போட்டால் டன்னுக்கு 4000 ரூபாய். கிலோவுக்கு 4 ரூபாய். நம் 25 கிலோ மூட்டைக்குச் சரியாக 100 ரூபாய்.

அந்த நூறு ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். போக வர எரிபொருள் 18 ரூபாய் 75 காசு. கடலில் கழிந்த 5 நாளுக்குக் கப்பலின் நாட்செலவு மேலும் 18 ரூபாய் 75 காசு. அவ்வளவுதான் கடல்! மீதி 62 ரூபாய் 50 காசு முழுவதும் நின்றதற்காக. அதில் துறைமுகங்களுக்கு நேரே கட்டியது 25 ரூபாய். அங்கே காத்துக் கிடந்த பத்து நாளுக்கு நாட்செலவு 37 ரூபாய் 50 காசு.

துறைமுகக் கட்டணம் பாதி மடங்கு உயர்ந்தது என்று வைப்போம். 20 லட்சம் 30 லட்சம் ஆகும். மூட்டைக்கு 112 ரூபாய் 50 காசு. கப்பல் கூலி 12.5 விழுக்காடு ஏறிவிட்டது. இதே கப்பல், இதே சரக்குடன், போக வர 30 நாள் கடலில் செல்லும் நெடுந்தூரப் பயணத்தில் இருந்தால்? 40 நாளுக்கு 120 லட்சம், எரிபொருள் 90 லட்சம், துறைமுகம் 20 லட்சம். மொத்தம் 230 லட்சம். அது 240 ஆகிறது. ஏற்றம் 4.3 விழுக்காடுதான். பயணம் குறுகக் குறுகக் கரையின் பங்கு பெருகுகிறது. 'பக்கத்துத் தீவுதானே, மலிவாகப் போகலாமே' என்று நாம் நினைப்பது தலைகீழ்.

கப்பல்காரர் வேகத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கலாமே என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. கப்பலுக்கு வேண்டிய திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். ஒரே தொலைவைக் கடக்கும் எரிபொருள் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்தால் எரிபொருள் 0.64 பங்காகும். 15 லட்சத்தில் 5.4 லட்சம் மிச்சம்! ஆனால் கடலில் 5 நாளுக்குப் பதில் 6.25 நாள் ஆகும்; கூடுதல் நாட்செலவு 3.75 லட்சம். நிகர மிச்சம் 1.65 லட்சம். ஏறியதோ 10 லட்சம். நெடுந்தூரக் கப்பலுக்குக் கைகொடுக்கும் தந்திரம் தீவுக் கப்பலுக்கு அவ்வளவாக உதவாது.

எந்தச் சரக்குக்கு வலி?

கூலி எடையைப் பொறுத்து ஏறுகிறது. விலையைப் பொறுத்து அல்ல. இந்த ஒரு செய்தியில்தான் தீவு வீடுகளின் கவலை முழுவதும் அடங்கியிருக்கிறது. 200 கிராம் எடையுள்ள கைப்பேசிக்கு நம் கணக்கில் கப்பல் கூலி 80 காசு. கட்டணம் ஏறினால் 90 காசு. வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. 50 கிலோ சிமென்டு மூட்டைக்கோ 200 ரூபாய், 225 ரூபாயாகிறது. தரையில் 400 ரூபாய்க்கு விற்கும் மூட்டை அங்கே 625 ரூபாய். செங்கல், ஜல்லி, இரும்புக் கம்பி, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் இந்த இனம்தான்: எடை அதிகம், விலை குறைவு, வாங்காமலும் இருக்க முடியாது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நிகோபார்த் தீவுகளில் ஊர்கள் அழிந்தன. தெற்கு அந்தமானில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, நெல் வயல்களில் கடல் நீர் ஏறி நின்றது. கப்பல் அணையும் தளங்களும் பல இடங்களில் உடைந்தன. வீடு கட்டச் சிமென்டும் கம்பியும் நிலப்பகுதியிலிருந்து கடல் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அவற்றை இறக்க வேண்டிய தளமோ உடைந்து கிடந்தது. உப்பேறிய வயலில் விளையாத அரிசியும் கப்பலில்தான் வர வேண்டும். அங்கே வாழ்கிற மக்களில் தமிழர்களும் கணிசமானவர்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களில் சில, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன.

துறைமுகத்தின் பக்கம்

துறைமுகத்தார் பேராசையால் கட்டணத்தை ஏற்றுகிறார்கள் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. துறைமுகம் என்பது கடலோடு நடக்கும் ஓயாத சண்டை. சென்னையைப் பாருங்கள். ஆண்டின் பெரும் பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையை மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் மணலைச் சிறிது வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவ மாதங்களில் திசை மாறினாலும் ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கு நோக்கியே போகிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போன மணல் சுவரில் தடுக்கப்பட்டுத் தெற்கே சேர்ந்தது. நீங்கள் சுண்டல் தின்கிற மெரினா கடற்கரை இவ்வளவு அகலமானது அப்படித்தான். மணல் வராத வடபுறத்தில் இராயபுரம் பகுதியில் கடல் கரையை அரித்தது. 1881-இல் ஒரு புயல் அந்தச் சுவர்களையே உடைத்தெறிந்தது. பின்னர் நுழைவாயிலையே வடகிழக்குப் பக்கமாக மாற்ற வேண்டியதாயிற்று.

இவ்வாறு சேரும் மணலையும் சேற்றையும் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். வரும் கப்பல்கள் பெருத்தால் இன்னும் ஆழமாக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னுக்கும் கப்பல் ஒரு டன் நீரை விலக்கியாக வேண்டும். அதற்காகக் கீழே அமிழ்ந்தாக வேண்டும். இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. ஆழம் கேட்பவை பெரிய கப்பல்கள். ஆனால் ஆழமாக்கிய செலவு எல்லாருடைய கட்டணத்திலும் ஏறுகிறது. மூன்று, நான்கு மீட்டர் அமிழும் தீவுக் கப்பலுக்குப் பதினான்கு மீட்டர் ஆழம் எதற்கு?

கட்டணத்தை யார் நிர்ணயிப்பது? நம் நாட்டின் பெருந்துறைமுகங்களுக்கு 1997 முதல் இதற்கென ஒரு தனி ஆணையம் இருந்தது. 2021-இல் வந்த பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்தின்படி அந்தப் பொறுப்பு அந்தந்தத் துறைமுகத்தின் வாரியத்திடம் போய்விட்டது. உள்நாட்டுக் கடலோரக் கப்பல்களுக்கு ஒரு சலுகை உண்டு. வெளிநாட்டு வாணிகக் கப்பல் கட்டும் கட்டணத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் அவற்றிடம் வாங்கலாகாது என்ற விதி, தனி ஆணையத்தின் காலத்தில் வகுக்கப்பட்டது. இது நல்ல விதி. ஆனால் 100, 150 ஆனால் 60, 90 ஆகும் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

எங்கள் ஊரில் இரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையே கிரிவலப் பாதை. பௌர்ணமி அன்று அங்கே வந்து நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும், பெரியது சிறியது பாராமல், 60 ரூபாய் வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அறுபது பேர் வந்த பேருந்தில் தலைக்கு ஒரு ரூபாய். மூன்று பேர் வந்த ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய். வண்டிக் கணக்கில் போடுகிற கட்டணம் சிறியவரையே கடிக்கும்.

இது வெறும் கற்பனை அல்ல. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஒரு யோசனையை வெளியிட்டது. சீனாவில் கட்டிய கப்பல்களை வைத்திருக்கும் நிறுவனத்தின் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்துக்குள் வரும் ஒவ்வொரு முறையும் 15 லட்சம் டாலர் வரை கட்டணம் வாங்கலாம் என்பது அது. சீனக் கப்பல் தொழிலோடு போட்டியிடுவதே அதன் நோக்கம். ஆனால் பதறியவர்கள் யார் தெரியுமா? கரீபியன் கடலின் சிறு தீவு மக்கள்! அவர்களின் உணவுப் பொருள்களில் பெரும் பகுதி புளோரிடாவிலிருந்து சிறு கப்பல்களில் வருகிறது. அவற்றில் பல சீனாவில் கட்டியவை. ஒரு நுழைவுக்குப் பத்து லட்சம் டாலர் என்றே வையுங்கள். பத்தாயிரம் பெட்டி கொண்ட பெரிய கப்பலில் பெட்டிக்கு 100 டாலர். ஐந்நூறு பெட்டி கொண்ட தீவுக் கப்பலில் பெட்டிக்கு 2000 டாலர்! தீவு நாடுகள் எடுத்துச் சொல்லின. ஏப்ரலில் வந்த முடிவில் சிறு கப்பல்களுக்கும், 2000 கடல் மைலுக்குக் குறைந்த பயணங்களுக்கும் விலக்கு அளித்தார்கள். கட்டணத்தையும் நுழைவுக்கு இவ்வளவு என்று இல்லாமல் கப்பலின் அளவை ஒட்டி மாற்றினார்கள். அக்டோபர் 14-இல் நடைமுறைக்கு வந்த அந்தக் கட்டணம் நவம்பர் 10 முதல் ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

என்ன செய்யலாம்?

ஆஸ்திரேலியாவில் தாஸ்மேனியா ஒரு தீவு மாநிலம். 1976 முதல் அங்கே அரசு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. தீவின் சரக்கைக் கடல் வழி கொண்டு செல்லும் கூலி, அதே தொலைவைத் தரையில் கடக்கும் கூலியைவிட எவ்வளவு அதிகமோ அதில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டுகிறது. கடல் இருப்பது தீவுக்காரரின் குற்றம் அல்லவே! நம் நாட்டிலும் அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் செல்லும் பயணிகளுக்கு அரசு மானியத்தில் கப்பல் ஓடுகிறது.

மானியம் ஒரு வழி. பொறியியல் வேறொரு வழி. என்னைக் கேட்டால் இரண்டாவதே மேல். நம் மாதிரிக் கணக்குக்குத் திரும்புங்கள். நாளொன்றுக்கு 500 டன்னுக்குப் பதில் 750 டன் ஏற்றி இறக்கினால் துறைமுகத்தில் 10 நாள் 6.67 நாளாகும். மிச்சம் 3.33 நாள். நாட்செலவில் 10 லட்சம் ரூபாய் மிச்சம்! கட்டண ஏற்றம் முழுவதும் அதில் அடைபட்டுவிடுகிறது. தள வாடகை மணிக் கணக்கில் என்பதால் அதுவும் குறையும்.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலின் மேல்தளத்தில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சாக்குச் சாக்காக ஏற்ற டன்னுக்கு ஏறத்தாழ 6 டாலர் ஆன காலம் அது. பெட்டியில் ஏற்றியபோது 16 சென்ட்டுதான் ஆயிற்று. கன்டெய்னர் என்று நாம் இன்று சொல்லும் பெட்டி உலக வணிகத்தை மாற்றிய கதை இப்படித் தொடங்கிற்று. எஞ்சினில் புதுமை இல்லை. கப்பலில் வேகம் கூடவில்லை. நிற்கும் நேரம் குறைந்தது.

எல்லாத் தீவிலும் கன்டெய்னரை இறக்க முடியுமா என்றால் முடியாது. இருபது, இருபத்தைந்து டன் எடையுள்ள பெட்டியைத் தூக்கும் கிரேன் வேண்டும். அதைத் தாங்கும் தளம் வேண்டும். இந்த இடத்தில் நம் தூத்துக்குடித் தோணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சில நூறு டன் ஏற்றும் மரக்கலம் அது. பாய் விரித்து ஓடிய காலம் போய் எஞ்சின் வந்த பின்பும், மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் கல், மணல், காய்கறி என்று சுமந்து சென்றது. ஆழமில்லாத துறையிலும் அது அணையும். ஆனால் தென்மேற்குப் பருவக் காற்று கொந்தளிக்கும் மாதங்களில் கரையில் கட்டிக் கிடக்க வேண்டும். 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலத்தீவின் குளுதுஃபுஷிக்கும் மாலேக்கும் நேரடிச் சரக்குக் கப்பல் ஒன்று தொடங்கப்பட்டது. பெரிய கப்பல், சிறிய தோணி என்ற இரண்டில் எது மலிவு என்பதை இனி நீங்களே கணக்கிட முடியும். கடல் தூரத்தைக் கேட்காதீர்கள். கரையில் எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், திரும்பும்போது என்ன சரக்கு என்று கேளுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. பெரிய நிகோபார்த் தீவில் உள்ள கேம்பல் பே, போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 540 கி.மீ. தெற்கே இருக்கிறது. நம் அரிசி மூட்டை போர்ட் பிளேரில் இறங்கி, 500 டன் ஏற்றும் வேறொரு கப்பலில் ஏறி அங்கே போக வேண்டும். அந்தக் கப்பலின் நாட்செலவு ஒன்றரை லட்சம். கடலில் நாளொன்றுக்கு எரிபொருள் ஒரு லட்சம். ஒவ்வொரு துறையிலும் கட்டணம் 3 லட்சம். போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். சிறிய தளமாதலால் நாளொன்றுக்கு 250 டன்தான் ஏற்றி இறக்க முடியும். திரும்பும்போது கப்பல் காலி. மூட்டைக்கு இன்னும் எவ்வளவு ரூபாய் ஏறும்? இரு துறைகளிலும் கட்டணம் பாதி மடங்கு உயர்ந்தால் எவ்வளவு? கேம்பல் பே தளத்தில் மட்டும் ஒரு நல்ல கிரேன் வைத்து, இறக்கும் நாளைப் பாதியாக்கினால் எவ்வளவு குறையும்? போட்டுப் பாருங்கள்.